எழுத்துக்கு ஏற்ற கட்டம்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அம்மாவுக்கு மூட்டு வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. மாலையில் தெருமுனை வரை நடந்துவிட்டு வருகிறாள். நீ சரியாகச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள், கேட்டுவிட்டேன்.

நீ அனுப்பிய திரையின் படங்களையெல்லாம் பார்த்தேன். பால் சொசைட்டியில் வைக்கப்போகும் சின்னப் பெட்டி, அதன் முகத்தில் 128 × 64 புள்ளி கொண்ட ஓலெட் திரை, அதில் லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப். (கொழுப்பல்லாத திடப்பொருள்), தொகை. "பழைய கம்ப்யூட்டர் எழுத்து மாதிரி புள்ளி புள்ளியாக, எல்லா எழுத்தும் ஒரே அகலத்தில் வேண்டும், எந்த எழுத்துரு போடலாம் அக்கா?" என்று கேட்டிருந்தாய். எழுத்து வரைவதே எனக்குப் பிழைப்பாகிப்போனதால் இப்படி ஒரு கேள்வி வந்தால் சும்மா இருக்க முடியவில்லை. போனில் சொல்லி முடியாது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆங்கிலமும் எண்களும் மட்டும் போதுமென்றால் பதில் சுலபம். ஹெலனா ஜாங் 2024-ல் வெளியிட்ட 'டிபார்ச்சர் மோனோ' என்ற எழுத்துரு இருக்கிறது. திறந்த உரிமம், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். நீ கேட்ட பழைய முகம் அதில் அப்படியே இருக்கும், ஆனால் நிதானமான கை வரைந்தது என்பதும் தெரியும். இன்னும் இறுக்கமாக வேண்டுமானால் 'டெர்மினஸ்'. லினக்ஸ்காரர்கள் நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டு வேலை செய்கிறார்கள், கண் சோர்வதில்லை.

ஆனால் உன் பெட்டிக்குத் தமிழ் வேண்டும். விடியற்காலை ஐந்து மணிக்குப் பால் கேனைத் தூக்கிக்கொண்டு வருகிற பெரியம்மா வயதுக்காரர்கள், தங்கள் பாலுக்கு என்ன கொழுப்பு விழுந்தது என்று பார்க்கிற திரை அது. அந்தத் தமிழை எந்த எழுத்துருவிலிருந்தும் அப்படியே இறக்கிவிட முடியாது. ஏன் முடியாது என்று புரிய, இந்தப் புள்ளி எழுத்துகள் எங்கிருந்து வந்தன என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது அடிப்படை மாடலில் இருந்த நினைவகம் 16 கிலோபைட். அலுவலகங்களுக்கென்று கொடுத்த பச்சைத் திரையில் குறுக்கே 720 புள்ளி, நெடுக்கே 350. ஒவ்வொரு புள்ளியும் எரிகிறதா, அணைந்திருக்கிறதா என்று குறித்துவைக்க மட்டுமே 31,500 பைட் ஆகும். மொத்த நினைவகத்தைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆகவே புள்ளிகளை நினைவில் வைக்கும் பேச்சுக்கே இடமில்லை. அவர்கள் திரையை 80 பத்தி, 25 வரி என்று 2,000 கட்டங்களாகப் பிரித்தார்கள். ஒரு கட்டத்துக்கு இரண்டு பைட்: எந்த எழுத்து என்பது ஒன்று, பளிச்சென்றா, அடிக்கோட்டோடா, மின்னி மின்னியா என்பது இன்னொன்று. ஆக 4,000 பைட்டில் முழுத் திரையும் அடங்கிவிட்டது. எழுத்தின் உருவம் மட்டும் தனியாக ஒரு ரோம் சிப்பில் இருந்தது. குழாய்க்குள் எலக்ட்ரான் கற்றை ஒவ்வொரு கோடாக ஓடும்போது, இந்தக் கட்டத்தில் என்ன எழுத்து, அதன் எத்தனாவது வரிசை என்று பார்த்து, அந்த எட்டுப் புள்ளியை மட்டும் சிப்பிலிருந்து உருவிக் கற்றையிடம் கொடுத்தது ஒரு சர்க்யூட்.

இந்த ஏற்பாட்டில் எல்லாக் கட்டமும் ஒரே அகலமாக இருந்தே ஆக வேண்டும். ஒரு பெருக்கல், ஒரு கூட்டல், இடம் கிடைத்துவிடும். கட்டத்துக்குக் கட்டம் அகலம் மாறினால் ஒவ்வொரு கோட்டுக்கும் முதலிலிருந்து கூட்டிக்கொண்டு வர வேண்டும். அன்றைய சர்க்யூட்டுக்கு அதற்கு நேரம் கிடையாது. ஆங்கிலத்தின் ஒல்லி எழுத்தான 'ஐ'க்கும் பருத்த எழுத்தான 'எம்'முக்கும் சம இடம் கிடைத்தது இதனால்தான். 80 என்ற எண்ணும் இன்னும் பழையது. 1928-ல் ஐபிஎம் கொண்டுவந்த துளை அட்டையில் 80 பத்தி இருந்தது. அட்டை போய்விட்டது, எண் தங்கிவிட்டது.

நான் உனக்குச் சொல்ல விரும்புவது இதற்கு அடுத்த படி. இத்தனை நெருக்கடியிலும் நல்ல எழுத்து செய்தவர்கள் இருந்தார்கள். கிடைத்த கட்டத்தை அவர்கள் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. எழுத்துக்காக சர்க்யூட்டோடு வாதாடினார்கள்.

அந்த ஐபிஎம் கம்ப்யூட்டருக்கே இரண்டு திரை அட்டைகள் விற்றார்கள். வண்ண அட்டையில் எழுத்துக்குக் கிடைத்த கட்டம் 8 × 8. ஒற்றை நிற அட்டையில் 9 × 14. இரண்டின் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார். எட்டுக்கு எட்டில் எழுத்தின் வால் கீழே இறங்க ஒரு வரிசைதான் மிச்சம். அதுவும் அடுத்த வரியின் தலையில் போய் இடிக்கிறது. ஒன்பதுக்குப் பதினான்கில் எழுத்துடம்பு 7 × 9 இடத்தை எடுத்துக்கொள்கிறது, மிச்சமெல்லாம் வாலுக்கும் இடைவெளிக்கும். கணக்கு எழுதுகிறவர், கடிதம் தட்டுகிறவர் என்று நாள் முழுக்க எழுத்தையே பார்க்க வேண்டியவர்களுக்கு ஏன் அந்த ஒற்றை நிறத் திரை பிடித்தது என்பது அப்போது தெரியும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஒன்பதாவது புள்ளி. சிப்பில் ஒரு வரிசைக்கு இருப்பது எட்டுப் புள்ளிதான், ஒரு பைட். ஒன்பதாவதை சர்க்யூட் தானே உண்டாக்கியது. சாதாரண எழுத்துகளுக்கு அதை வெறுமையாக விட்டது, எழுத்துகளுக்கு நடுவே காற்று வந்தது. ஆனால் கட்டம் போட, அட்டவணை வரையப் பயன்படும் கோட்டுத் துண்டுகளுக்கு அப்படி விட்டால் கோடு விட்டுவிட்டுத் தெரியும். அதனால் 192 முதல் 223 வரை எண்ணுள்ள எழுத்துகளுக்கு மட்டும் எட்டாவது புள்ளியை ஒன்பதாவதிலும் திருப்பிப் போட்டது. ஒரே ஒரு புள்ளி அகலத்துக்காக, எந்த எழுத்து எந்த வகை என்று பார்த்து நடந்துகொள்ளும் சர்க்யூட்டை யாரோ யோசித்துக் கட்டியிருக்கிறார்கள். இந்த அக்கறையைத்தான் நான் மதிக்கிறேன்.

இன்னொன்று சொல்கிறேன். டெக் கம்பெனி 1983-ல் விற்ற விடி220 டெர்மினல். அதன் எழுத்துருவைப் படத்தில் பார்த்தால் படுக்கைக் கோடுகள் தொடர்ச்சியாக ஓடும், வரிசைக்கு வரிசை நடுவே மெல்லிய இருட்டு இருக்கும். அதற்குக் காரணம் உண்டு. கற்றை ஒரு புள்ளியை ஏற்றி அணைக்கிற வேகத்தில், ஒற்றைப் புள்ளி அகலமுள்ள செங்குத்துக் கோடு முழுசாக ஒளிர்வதற்குள் கற்றை நகர்ந்துவிடும்; படுக்கைக் கோடு பளிச்சென்றும் செங்குத்துக் கோடு மங்கலாகவும் தெரியும். அதைச் சரிக்கட்ட ஒவ்வொரு புள்ளியையும் வலப்பக்கம் ஒரு புள்ளி இழுத்துவிட்டார்கள். செங்குத்துக் கோடு தடித்தது, வெளிச்சம் சமமானது. சிப்பில் இருக்கிற உருவமும் திரையில் தெரிகிற உருவமும் வேறு வேறு. கண்ணுக்குத் தெரிவதைக் கணக்கில் வைத்துத்தான் சிப்புக்குள் எழுதினார்கள்.

அதே டெர்மினலில் குறுக்கே 800 புள்ளி, நெடுக்கே 240 வரிசை. நாலுக்கு மூன்று திரையில் இதைப் பரப்பினால் புள்ளி சதுரமாக இருக்காது, உயரம் அகலத்தைப் போல இரண்டரை மடங்கு வரும். ஓரமும் கத்தியால் வெட்டினாற்போல இருக்காது, பாஸ்பர் ஒளி பக்கத்தில் கசியும். இன்று 'ரெட்ரோ' என்று போடுகிறார்களே, கூரான சதுரங்களை அடுக்கிய எழுத்து, அப்படி ஒரு முகத்தை அந்தக் காலத்துக் குழாய்த் திரை முன் உட்கார்ந்தவர்கள் பார்த்ததில்லை. நினைவில் இருக்கும் அழகை நாம் நம் திரைக்கு ஏற்பத் துடைத்து எடுத்துக்கொண்டிருக்கிறோம். அதில் தப்பொன்றும் இல்லை. உன் ஓலெட் திரையின் புள்ளி சதுரம்தான், அதற்குச் சதுரக் கணக்கில் வரைவதுதான் முறை. பழையதை அச்சடித்தாற்போல எடுத்து வைத்தால் விடி220 எழுத்து உன் திரையில் சப்பையாக விழும்.

சதுரப் புள்ளிக்கு வரைந்தவர்களில் சூசன் கேர் பெயரை நீ கேட்டிருப்பாய். 1984-ல் வந்த மெக்கின்டோஷின் 512 × 342 திரைக்கு எழுத்து வரைந்தவர். அந்தத் திரையில் ஒவ்வொரு புள்ளியும் நினைவகத்தில் இருந்ததால் அகலம் மாறும் எழுத்துகளும் முடிந்தன. 'சிகாகோ' அப்படித்தான். அதில் படுக்கை, செங்குத்து, 45 பாகைச் சாய்வு, இந்த மூன்று திசைக் கோடுகளுக்குள் நின்றார். படிக்கட்டு மாதிரி ஓரம் உடையாமல் வந்தது. ஒரே அகலத்துக்கென்று 'மொனாக்கோ'வையும் வரைந்தார். முதலில் ஃபிலடெல்ஃபியா ரயில் பாதையின் நிலையங்கள் பெயரைத்தான் எழுத்துருக்களுக்கு வைத்திருந்தார்களாம். வைத்தால் உலகப் பெரிய நகரங்களின் பெயராக வைக்கலாமே என்று ஸ்டீவ் ஜாப்ஸ் சொன்ன பிறகு இந்தப் பெயர்கள் வந்தன.

சரி, உன் பெட்டிக்கு வருவோம். முதலில் எண்கள்.

கொழுப்பு 3.6-ஆ 3.8-ஆ என்பது காசு. ஆகவே எண்களில் எந்த இரண்டும் ஒன்றைப்போல் ஒன்று இருக்கக் கூடாது. உன் மேசை டிராயரில் பழைய 16 × 2 எல்சிடி ஒன்று கிடக்கும், ஹிட்டாச்சியின் எச்டி44780 வகை. அதற்கு மின்சாரம் கொடுத்துப் பத்து எண்ணையும் போட்டு உற்றுப் பார். குறுக்கே ஐந்து, நெடுக்கே ஏழு, அவ்வளவே இடம். அதில் 3-ன் தலை வளைவாக இல்லை. மேலே ஐந்து புள்ளியும் நேர்கோடு, அதிலிருந்து உள்ளே சாய்ந்து இறங்குகிறது. ஏன் தெரியுமா? வளைத்துப் போட்டால் 8-ன் இடப்பக்கம் நாலு புள்ளி அணைந்த மாதிரி ஆகிவிடும். மங்கிய வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றே. தட்டைத் தலை அந்தக் குழப்பத்தை அடியோடு நீக்குகிறது. 6-ன் தலையும் 9-ன் வாலும் வளையாமல் சாய்கின்றன, அதுவும் 8-லிருந்து விலகத்தான். பூஜ்யத்துக்குள் ஒரு சாய்வுக் கோடு ஓடுகிறது. ஆங்கில 'ஓ'வோடு கலக்காமல் இருக்க. இந்தப் பத்து எண்ணையும் வரைந்தவர் யாரென்று வெளியே தெரியாது. ஆனால் லிஃப்ட், தொழிற்சாலை இயந்திரம் என்று அந்த முடிவுகளை உலகம் முழுக்கப் பார்க்கிறோம்.

உன் திரையில் எண்ணுக்கு 8 × 16 கொடு. குறுக்கே 16 எண் வரும். கோடுகளை இரண்டு புள்ளித் தடிப்பில் போடு. ஒற்றைப் புள்ளிக் கோடு ஓலெட்டில் நேர்த்தியாக இருக்கும், கைக்கெட்டும் தூரத்துக்கு மேல் போனால் இழை மாதிரி மறையும். கேனை இறக்கி வைத்துவிட்டு நாலடி தள்ளி நின்று பார்க்கிறவருக்கு அது ஆகாது. எண்கள் ஒரே அகலத்தில் இருக்க வேண்டும் என்பதில் நீ உறுதியாக இரு, அது அழகுக்காக மட்டும் இல்லை. 3.9-க்குக் கீழே 8.2 வரும்போது புள்ளிக்கு நேர் கீழே புள்ளி வந்தால், படிக்கத் தெரியாதவருக்குக்கூட எது முழு எண், எது பின்னம் என்று இடத்தை வைத்தே பிடிபடும். ஒன்றாம் எண்ணை ஒல்லியாக்கி இடத்தை மிச்சம் பிடிக்கப் பார்க்காதே. எடை ஏறி இறங்கும்போது வரி முழுக்க இடமும் வலமும் ஆடும்.

கம்ப்யூட்டர் திரையிலும் இதே எழுத்தைக் காட்டப் போகிறாய் என்றால் ஒன்றை மறக்காதே. புள்ளி எழுத்துருவை அது வரையப்பட்ட அளவிலோ அதன் முழு மடங்கிலோ மட்டும்தான் போட வேண்டும். டிபார்ச்சர் மோனோ என்றால் 11, 22, 33. பதினாலில் வைத்தால் ஒரு கோடு ஒரு புள்ளியாகவும் பக்கத்துக் கோடு இரண்டாகவும் தடிக்கும், அல்லது ஓரமெல்லாம் சாம்பல் பூக்கும். வரிக்கு வரி இடைவெளியும் அப்படியே, முழு எண்ணாக இருக்கட்டும்.

இனித் தமிழ். இங்கேதான் நீ அவசரப்படக் கூடாது.

எட்டுக்கு எட்டுக் கட்டத்தில் தமிழ் நிற்காது. நீ அனுப்பிய மூன்றாவது படத்தில் அப்படி முயன்றிருக்கிறாய். 'பணம்' என்ற சொல்லை எடுத்துக்கொள். ண-வின் சுழிகள் பிரிந்து தெரிய, கோடும் இடைவெளியும் மாறி மாறிப் பத்துப் பத்திக்கு மேல் வேண்டும். எட்டில் அடைத்தால் ஒரு சுழி போய்விடும், போனால் அது ன. 'பனம்' என்று எழுதிக் காட்டிப் பணம் கொடுக்க முடியாது. அதே படத்தில் 'வரவு' பார். ர-வின் அடியில் சாய்ந்து இறங்கும் சின்னக் கோட்டை இடமில்லை என்று விட்டுவிட்டாய், அது வெறும் கால் ஆகிவிட்டது. 'வாவு' என்றுதான் எவரும் படிப்பார்கள். காலுக்கும் ர-வுக்கும் வித்தியாசம் அந்த அடிக் கோடு மட்டுமே. எ-வும் ஏ-வும், ஒ-வும் ஓ-வும் இப்படித்தான். ஒரு சின்னக் கோட்டிலோ சுழியிலோ எழுத்தே மாறிப்போகும். நம் எழுத்தில் இவையெல்லாம் ஓரத்தில் கிடப்பதால் இடம் நெருங்கும்போது முதலில் பலியாவதும் இவைதான்.

உயரமும் அப்படி. உடம்புக்கு மேலே புள்ளி வேண்டும், புள்ளிக்கும் உடம்புக்கும் நடுவே இடைவெளி வேண்டும். கீழே ழு, று, ணூ எல்லாம் இறங்க வேண்டும். நான் தாளில் போட்டுப் பார்த்து ஏற்றுக்கொண்ட கணக்கு 16 வரிசை. நடுவில் உடம்புக்கு 8, மேலே 4, கீழே 4. மேல் நாலில் முதல் வரிசையை வெறுமையாக விடு, இல்லாவிட்டால் மேல் வரியின் ழு வந்து கீழ் வரியின் புள்ளியோடு ஒட்டும். அடுத்த இரண்டு வரிசையில் புள்ளி, நாலாவது இடைவெளி. புள்ளியை ஒற்றைப் புள்ளியாகப் போடாதே, திரையில் தூசி விழுந்தாற்போல இருக்கும். இரண்டுக்கு இரண்டாகப் போடு.

16 வரிசை என்றால் உன் திரையில் நாலே வரிதான் வரும். "எட்டு வரி வேண்டுமே அக்கா" என்பாய். வேண்டாம்டா. நாலு வரி போதும். லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எஃப்., தொகை. அதற்கு மேல் அந்த நேரத்தில் யாருக்கும் எதுவும் தேவையில்லை. மற்றதை சீட்டில் அடித்துக் கொடு.

இப்படித் தங்கள் எழுத்துக்காகத் திரையையே மாற்றியவர்கள் ஜப்பான்காரர்கள். 1982-ல் என்இசி கம்பெனி பிசி-9801 என்ற கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது. கான்ஜி எழுத்து படிக்கும்படி இருக்கக் குறைந்தது 16 × 16 புள்ளி வேண்டும். அமெரிக்க வண்ணத் திரையின் 200 வரிசையில் அப்படிப் பன்னிரண்டு வரிதான் வரும். அவர்கள் 640 × 400 வைத்தார்கள். குறுக்கே 40 கான்ஜி, நெடுக்கே 25 வரி. ஆங்கில எழுத்துக்கும் எண்ணுக்கும் அதில் பாதி அகலம், எட்டு. முழு அகலம், அரை அகலம் என்று இரண்டு அளவு கலந்து வந்தாலும் பத்திகள் நேராக நின்றன. ஐபிஎம் வகைக் கம்ப்யூட்டர்கள் அந்த நாட்டில் வேரூன்ற 1990-ல் வந்த டாஸ்/வி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது மென்பொருளாலேயே ஜப்பானிய எழுத்தை வரைந்தது. நம் நாட்டிலும் ஐஐடி கான்பூரில் தொடங்கி சி-டாக்கில் வளர்ந்த ஜிஸ்ட் அட்டை, எழுத்துக்காகத் திரையை மாற்றும் அந்த வழியில் வந்ததுதான். கம்ப்யூட்டருக்குள் செருகினால் டாஸ் திரையில் இந்திய மொழிகள் தெரியும்.

அவர்களிடமிருந்து அளவு கலக்கும் யோசனையை எடுத்துக்கொள்கிறேன். தமிழுக்கு இரண்டு அளவு போதாது. நாலின் மடங்காக மூன்று அகலம் வைத்துக்கொள்வோம்: 8, 12, 16. கால், கொம்பு, ர இவற்றுக்கு 8. க, ப, ட, ழு போன்றவற்றுக்கு 12. ண, ஞ போன்றவற்றுக்கு 16. இப்போது 'கொழுப்பு' என்று எழுதிப் பார். கொம்பு 8, க 12, கால் 8, ழு 12, ப் 12, பு 12. கூட்டு: 64. உன் திரையில் சரிபாதி. மறுபாதியில் எட்டு அகலத்தில் எட்டு எண் நிற்கும். எந்த எழுத்தையும் நசுக்கவில்லை, எண்களின் பத்தியும் அசையவில்லை. எஸ்.என்.எஃப். மட்டும் தமிழில் போட்டால் நீண்டுபோகும். அதை ஆங்கிலத்தின் மூன்று பெரிய எழுத்தாகவே விட்டுவிடு, 24 பத்தியில் முடிந்துவிடும். பால் சீட்டில் அப்படிப் பார்த்துப் பழகியவர்கள்தானே.

எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்ற ஆசையைத் தமிழுக்கு விட்டுவிடச் சொல்கிறேன், அதைப் புரிந்துகொள். ஒரே அகலம் ஆங்கிலத்துக்குத் தட்டச்சு இயந்திரத்திலிருந்தே பழக்கம். ப-வையும் ண-வையும் ஒரே கட்டத்தில் நிறுத்தினால் ப பக்கத்தில் குழி விழும், ண மூச்சு முட்டும், சொல் சொல்லாகத் தெரியாமல் எழுத்து எழுத்தாகப் பிரியும். 1998-ல் தொடங்கிய 'யூனிஃபான்ட்' என்ற பெரிய முயற்சியில் உலக எழுத்துகள் எல்லாவற்றோடும் தமிழும் இருக்கிறது, எட்டு அல்லது பதினாறு அகலத்தில். எதுவும் இல்லாத இடத்தில் அது பெரிய உதவி. நீயும் இறக்கிப் பார், சுழிகளை எப்படிச் சமாளித்திருக்கிறார்கள் என்று தெரியும். ஆனால் உன் திரைக்கு நம் கையால் வரைந்ததுதான் சரிப்படும்.

நினைவகம் பற்றிப் பயப்படாதே, கணக்குப் போட்டுவிட்டேன். உயிரும் ஆய்தமும் 13. புள்ளி வைத்த மெய் 18. உயிர்மெய்யில் அகரம் 18, இகர ஈகாரம் 36, உகர ஊகாரம் 36. கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி 4. மொத்தம் 125 உருவம். ஔகாரத்துக்கு ள-வே உதவும். எல்லாவற்றுக்கும் 16 × 16 என்று தாராளமாக ஒதுக்கினாலும் ஒன்றுக்கு 32 பைட், ஆக 4,000 பைட். சாதாரண ஆர்டுயினோ ஊனோவின் 32 கிலோபைட்டிலேயே இது ஒரு மூலை. ஸ், ஜ, ஷ வேண்டுமானால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு சிக்கல் உண்டு, அதை மட்டும் கவனி. யூனிகோடில் 'கொ' என்பது முதலில் க, பிறகு ஒகரக் குறி என்றுதான் சேமிக்கப்படும். திரையில் வரைய வேண்டியது கொம்பு, க, கால் என்ற வரிசையில். பெரிய கம்ப்யூட்டரிலும் போனிலும் இதைப் பிரித்து அடுக்க மென்பொருள் இருக்கிறது. உன் சின்ன சிப்பில் இல்லை, வைக்கவும் தேவையில்லை. உன் பெட்டியில் வரப்போவது எண்ணி எடுக்கக்கூடிய சொற்கள்தான். அவற்றைக் கம்ப்யூட்டரிலேயே வரையும் வரிசைக்கு மாற்றி, உருவ எண்களாக்கி, சிப்பில் ஏற்றிவிடு. தமிழ்நாடு அரசு 1999-ல் ஏற்றுக்கொண்ட டாம், டாப் குறியேற்றங்கள் இதைத்தான் செய்தன. ஓர் உருவத்துக்கு ஓர் எண், எழுதும் வரிசையிலேயே. தேட, அகரவரிசைப்படுத்த யூனிகோடுதான் சரி என்பதால் அவை வழக்கொழிந்தன, அது நியாயம்தான். உன் பெட்டிக்குள் யாரும் எதையும் தேடப் போவதில்லை. அந்தப் பழைய அட்டவணை கிடைத்தால் எடுத்து வைத்துக்கொள், உன் வேலை பாதி முடியும்.

இதோடு கட்டம் போட்ட தாளில் 'கொழுப்பு', 'பணம்', 'லிட்டர்', 'வரவு' நாலையும் வரைந்து வைத்திருக்கிறேன். கறுப்புக் கட்டம் எரியும் புள்ளி. ழு-வின் வாலை இரண்டு விதமாகப் போட்டிருக்கிறேன். இடது பக்கம் சுழித்தது எனக்குப் பிடித்தது, ஆனால் என் பிடித்தம் இங்கே பேச்சில்லை. இரண்டையும் திரையில் ஏற்று. பகல் வெளிச்சத்தில் உன் மேசையில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யாதே. விடியற்காலையில் சொசைட்டிக்கே எடுத்துப்போ, வாசலில் குழல் விளக்கு எரியும் இடத்தில் வை. சொல்லின் பொருள் தெரிந்து ஊகித்துவிடாதபடி, வரிசையை மாற்றி மாற்றிக் காட்டு. கண்ணாடி போட்டவர்கள், போடாதவர்கள், கண்ணில் புரை விழுந்தவர்கள் என்று எல்லோரிடமும் வாசிக்கக் கேள். எந்த எழுத்தில் ஒரு நொடி நின்றார்கள், எந்த எழுத்தை என்னவாக வாசித்தார்கள் என்று குறித்து அனுப்பு. 6-ஐயும் 8-ஐயும் தனியாகச் சோதி. ண-வில் யாராவது தடுக்கினால் 16-ஐ 20 ஆக்குவோம், நாலின் மடங்குதான், கணக்கு கெடாது.

பொங்கலுக்கு வரும்போது அந்தப் பெட்டியைக் கையோடு கொண்டு வா. மீதி எழுத்துகளை இங்கே உட்கார்ந்து இருவரும் வரைந்துவிடலாம்.

அன்புடன்,
உன் அக்கா